அவன் வெளியே எறிந்த பந்து

எனக்குப் பக்கவாதம் வந்தது ஒரு நடுப்பகலில், ஆபீஸில், தொலைபேசியைக் காதில் வைத்திருந்தபோது. நகரத்தின் அலோன் பகுதியில், ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் எனக்கு வேலை. கப்பல்காரர்களிடம் ஆங்கிலம், லாரிக்காரர்களிடம் பர்மியம், எங்கள் ஆட்களிடம் தமிழ். நாள் முழுவதும் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அன்று ஒரு லாரி முதலாளியிடம் வண்டி எப்போது வரும் என்று கேட்க வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. அவர் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்றார். ரிசீவர் என் வலது கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எல்லோர் பேச்சும் எனக்குப் புரிந்தது. டாக்டர் பர்மியத்தில் சொன்னதும் புரிந்தது, என் கணவர் தாழ்வாரத்தில் யாரிடமோ தமிழில் அழுதுகொண்டே சொன்னதும் புரிந்தது. எனக்குத்தான் பேச்சு இல்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் "சாவி" என்று வந்தது. கணவர் வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். சின்ன வயதில் கற்ற ஜெபம் மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. அதைக் கேட்டு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லை. ஜெபத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் தண்ணீர் கேட்க முடியாது.

மாதங்கள் போயின. கால் முதலில் திரும்பியது, பிறகு கை அரைகுறையாக. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது, அதுவும் அதற்குப் பிடித்த மொழியில். சில சொற்கள் பர்மியத்தில் மட்டும் வரும், சில ஆங்கிலத்தில். யோசித்து ஒரு சொல்லைப் பிடித்து வாய்வரை கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர்கள் அந்த வாக்கியத்தை எனக்காக முடித்துவிடுவார்கள். சர்ச்சிலிருந்து பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். என் கணவர் எல்லோரையும்விட வேகம். நான் "எனக்கு…" என்று தொடங்கினால் போதும். "டீயா? மாத்திரையா? ஜன்னலைச் சாத்தணுமா?" பாதி நேரம் சரியாகவே சொல்லிவிடுவார். மீதிப் பாதியில், அவர் சொன்னது சரியில்லை என்று விளக்க எனக்குத் தெம்பு இருக்காது. சரி என்று தலையாட்டிவிட்டு, குடிக்க விரும்பாத டீயைக் குடிப்பேன்.

இந்த நிலையிலும் நான் விடாமல் போன ஓர் இடம் உண்டு. அது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் இருக்கும் பேட்டரிக் கடை.

அதற்குக் காரணம் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி. பல வருஷங்களுக்கு முன் அங்கே குடியேறி, பனி கொட்டும் ஒரு ஊரில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். கூட வேலை செய்கிறவர்கள் இடைவேளையில் அமெரிக்க ஃபுட்பாலைத் தவிர எதையும் பேசமாட்டார்களாம். பேச்சில் சேர்ந்துகொள்ள அவனும் அந்த ஆட்டத்தைக் கற்றான். அவனோடு பேச எனக்கும் ஏதாவது வேண்டியிருந்ததால் நானும் கற்றேன். நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு கெஜம் கெஜமாக முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிரணித் தடியர்கள் வந்து அவனைச் சாய்ப்பதற்குள், யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும். ஜெயித்தால் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள், தோற்றால் அவனைத்தான் திட்டுவார்கள். எங்களுக்கு அதில்தான் ருசி.

எங்கள் வீட்டில் மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஆட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு பேட்டரி வாங்கப் போனபோதுதான் அந்தக் கடைக்கார அண்ணனைத் தெரிந்தது. அவருடைய தாத்தா ரயில்வேயில் வேலை பார்க்க வந்தவர். கொள்ளுப்பேத்தி காலம்வரை அந்தக் குடும்பம் ரயில் சத்தத்தை விட்டு நகரவில்லை. கடையில் ஒரு டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். தன் பேட்டரி நன்றாக வேலை செய்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டத்தான். "எதுக்கு வீட்டுல தனியா பாக்குறீங்க, இங்க வந்து பாருங்க தங்கச்சி" என்றார். நானும் கணவரும் போனோம். அவரும் அவர் மகளும் அந்த ஆட்டத்தில் எங்களைவிட மோசமாக விழுந்தார்கள். மகளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் பர்மியம்தான் வரும். எந்த ஆட்டமானாலும் எங்கிருந்தோ கம்ப்யூட்டரில் பிடித்து டிவியில் போட்டுவிடுவாள்.

அமெரிக்காவில் ஞாயிறு இரவில் ஆடினால் இங்கே திங்கள் காலை. கடை திறந்தும் திறக்காமலும் இருக்கிற அந்த நேரத்தில் நாங்கள் நான்கு பேரும் பலகை ஸ்டூல்களில் உட்கார்ந்திருப்போம். ஈச்சாகுவே என்ற நீளமான எண்ணெய்ப் பலகாரத்தைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே, முன்பின் பார்த்திராத ஒரு குவார்ட்டர்பேக்கைப் பற்றிச் சண்டை போடுவோம். பக்கவாதத்துக்கு முன்னால் அந்தச் சண்டைகளில் என் குரல்தான் பெரிது. பிறகு நான் உட்கார்ந்து கேட்கிறவளாக ஆனேன். அண்ணன் என் பக்கம் பார்த்துப் பேசுவதைக்கூட மெல்லக் குறைத்துக்கொண்டார். என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அப்போதுதான் முடிவு செய்தேன். இந்தக் கடையில், இந்த ஆட்டத்தைப் பற்றி, ஒரு கருத்தை முழுதாகச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் வணக்கம் சொல்லவோ சர்ச்சில் சாட்சி சொல்லவோ எனக்கு அவ்வளவு ஆசை வரவில்லை. இங்கேதான் பேச வேண்டும் என்று இருந்தது. கணவர் லத்தா பகுதியில் அவர் வேலை பார்க்கும் மொத்த வியாபாரக் கடைக்குப் போனதும், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஆட்டச் சொற்களைச் சொல்லிப் பார்ப்பேன். "குவார்ட்டர்பேக்" வாயில் வழுக்கியது. "குவா" வரை வந்து நிற்கும். கையால் தொடையில் தட்டித் தட்டி, ஒரு தட்டுக்கு ஓர் அசை என்று சொல்லிப் பழகினேன். எரிச்சலில் அழுத நாட்கள் உண்டு. அழுத பிறகும் சொல்லிப் பார்த்தேன்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

தம்பி ஊர் அணி. எங்கள் குவார்ட்டர்பேக் அந்த வருஷம் சுமாராகத்தான் ஆடினான். அன்று இன்னும் மோசம். முதல் பாதியிலேயே அவன் எறிந்த பந்து இரண்டு தடவை எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. அதில் ஒன்றைப் பிடித்தவன் அப்படியே ஓடிப் புள்ளியும் எடுத்துவிட்டான்.

"இவனை வெளிய உக்கார வைக்கணும்," என்றார் அண்ணன். "இவனுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? எதிராளிக்குப் பொட்டலம் கட்டிக் குடுக்குற மாதிரி குடுக்குறான்."

"பொறுங்க மச்சான், ரெண்டாவது பாதி இருக்கு," என்றார் என் கணவர். அவர் எப்போதும் குவார்ட்டர்பேக் கட்சி.

கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் வந்தபோது எங்கள் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் உரிமைகளையெல்லாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டார்கள். பந்து கையில் இருக்கிறது, மைதானத்தில் பாதிக்கு மேல் கடக்க வேண்டும். கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பும் தூரத்துக்காவது போய்ச் சேர்ந்தால் மூன்று புள்ளி, அதோடு ஜெயம்.

சின்னச் சின்ன எறிதல்களாகக் கொஞ்சம் நகர்ந்தார்கள். பிறகு அவன் ஒரு நீளமான எறி எறிந்தான். பந்து போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தில் ஓடிய ஒருவன் எம்பி அதை ஒற்றைக் கையில் இழுத்துக்கொண்டு, கால்களைக் கோட்டுக்குள் ஊன்றிவிட்டு வெளியே விழுந்தான். என் கணவர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அண்ணன்கூட வாயைத் திறந்து பார்த்தார். இப்போது உதைக்கலாம், ஆனால் தூரம் சற்று அதிகம். இன்னும் சில கெஜம் கிடைத்தால் நல்லது. ஒரு முயற்சிக்கு நேரம் இருந்தது.

பந்து அவன் கைக்கு வந்ததுமே எதிரணியில் இருவர் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவன் வலது பக்கம் ஓடினான். ஒருவன் கை அவன் சட்டையைப் பிடித்துவிட்டது. நடுவில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். குவார்ட்டர்பேக் அவனுக்குக் கொடுக்கவில்லை. பந்தை எல்லோர் தலைக்கும் மேலே, கோட்டுக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்துக்கு எறிந்துவிட்டு விழுந்தான். மைதானம் முழுக்க அவனைக் கேலிக் கூச்சல் போட்டது. பந்து வெளியே போனதால் கடிகாரம் நின்றது. சில வினாடிகள்தான் மிச்சம்.

உதைப்பவன் வந்தான். உதைத்தான். பந்து வலது கம்பத்தை உரசுகிற மாதிரி போய் உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

கத்தி முடித்து, டீ ஊற்றி, சண்டையைத் தொடங்கினோம்.

"கிக்கர் ஜெயிச்சுக் குடுத்தான்," என்றார் அண்ணன். "இவன் கெடுத்தான். கடைசியில பாத்தீங்கல்ல? ஆளு தனியா நிக்கிறான், குடுக்கத் தெரியலை. தூக்கி வெளிய எறியிறான். பயந்தாங்கொள்ளி."

"அந்த நீள எறி? அது இல்லன்னா கிக்கர் எங்கேருந்து உதைப்பான்?" என்றார் கணவர். "அந்த ஒரு எறிக்கே அவனை மன்னிச்சுரலாம்."

மகள் பர்மியத்தில், பிடித்தவனுக்குத்தான் அந்தப் பெருமை, எறி உண்மையில் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது என்றாள்.

மூன்று பேரும் தவறு என்று எனக்குத் தெரிந்தது. ஆட்டத்தை வென்றது அந்த நீள எறி இல்லை. கடைசியில் பந்தை வெளியே எறிந்தான் பாருங்கள், அதுதான். பந்தோடு விழுந்திருந்தால் பல கெஜம் பின்னால் போயிருப்பார்கள், கடிகாரமும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், உதைப்பவன் மைதானத்துக்குள் வரவே நேரம் இருந்திருக்காது. நடுவில் நின்றவனுக்குக் கொடுத்திருந்தாலும் அவனை அங்கேயே சாய்த்திருப்பார்கள். மண்டைக்குள் இதெல்லாம் ஒழுங்காக, வரிசையாக இருந்தது.

"அவன்…" என்றேன்.

மூவரும் திரும்பினார்கள்.

"அவன்… எறி…"

"அதான், அவளும் அதையேதான் சொல்றா," என்றார் என் கணவர் சந்தோஷமாக. "நீள எறி. அதுதான் ஆட்டம்னு சொல்றா. இல்லையா?"

தலையாட்டிவிட்டிருக்கலாம். வழக்கமாக அதைத்தான் செய்வேன். அன்று என் இடது கை மேசையை அடித்தது. டீ கிண்ணங்கள் குலுங்கின.

"மஹொபூ," என்றேன். இல்லை என்பது எனக்கு அன்று பர்மியத்தில்தான் வந்தது. "மஹொபூ. இல்ல. நான்… சொல்லலை."

"சரி, சரி, கோபப்படாத. பிரஷர் ஏறும். நீ சொல்ல வந்தது என்னன்னா…"

"மச்சான்," என்றார் அண்ணன். "கொஞ்சம் சும்மா இருங்க. அது சொல்லட்டும்."

கணவர் முகம் சிவந்தது. வாயை மூடிக்கொண்டார். மகள் எழுந்து டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். வெளியே வட்டப்பாதை ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை நான் சொற்களைத் தேடினேன்.

"நீள எறி… அதிர்ஷ்டம்," என்றேன். அதற்கே மூச்சு வாங்கியது. "கடைசி. வெளிய… எறிஞ்சான். அது."

"வெளிய எறிஞ்சதா? அதுவா நல்லது?" என்று அண்ணன் கேட்டார்.

தொடையில் தட்டினேன். "குவா…ர்ட்டர்…பேக். விழுந்தா… மழை ஓடும்."

மழை இல்லை. எனக்கே தெரிந்தது. மணிக்கட்டைக் காட்டினேன். சொல் இல்லை. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை. கணவரின் உதடுகள் அசைந்தன. அவருக்கு அந்தச் சொல் தெரியும், நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு எனக்குத் தந்துவிடத் தவித்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம். அவர் தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"அச்செயின்," என்றேன் கடைசியில். பர்மியத்தில் நேரம் என்று அர்த்தம். மகள் முகம் மலர்ந்தது, ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. அதைத் தொட்டுத் தமிழ்ச் சொல்லும் வந்துவிட்டது, பாக்கியையும் சொன்னேன். "விழுந்தா நேரம் ஓடும். கிக்… வர முடியாது. நடுவுல குடுத்தா… அங்கயே பிடிப்பாங்க. நேரம் ஓடும். வெளிய எறிஞ்சான்… நேரம் நின்னுச்சு. அதான் ஆட்டம்."

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. டீ ஆறிப்போயிருந்தது. என் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

யாராவது கை தட்டியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். நல்லவேளை, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. புருவத்தைச் சுருக்கி யோசித்தார்.

"தப்பு, தங்கச்சி," என்றார். "முழுத் தப்பு. நடுவுல நின்னவன் சும்மா நிக்கலை, ஓரத்தைப் பாத்து ஓடிக்கிட்டிருந்தான். அவன் கையில குடுத்திருந்தா பத்து கெஜமாவது எடுத்துட்டு வெளிய போயிருப்பான். கிக்கருக்கும் சுளுவா இருந்திருக்கும். பாப்பா, அதத் திருப்பிப் போடு."

மகள் திருப்பிப் போட்டாள். மறுபடியும் போட்டாள். தனியாக நின்றவன் ஓரத்தைப் பார்த்துத்தான் ஓடினான், ஆனால் அவனுக்குப் பின்னால் ஓர் எதிரணிக்காரன் நெருங்கிக்கொண்டிருந்தான்.

"இவன்," என்று திரையில் விரலை வைத்தேன். "பிடிப்பான்."

"எங்க பிடிப்பான்? ரெண்டு ஆள் தூரம் இருக்கு."

"நீங்க… சரியா பாக்கலை."

"நானா பாக்கலை? நான் நீங்க சொல்றதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்று அவர் என்னிடம் குரலை உயர்த்தினார். பல மாதங்களில் என்னிடம் யாரும் குரலை உயர்த்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடியும் "பிடிப்பான்" என்றேன். மகள் என் பக்கம் சேர்ந்தாள். என் கணவர் யார் பக்கமும் சேராமல் ஆறிய டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மேம்பாலத்தில் ஏறும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போனதும் மூச்சு வாங்க நின்றோம். கீழே தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் பெண்கள் கீரைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ கஷ்டப்படுறதைப் பாக்க முடியலை," என்றார். "அதான் நான் சொல்லிடுறேன். உதவின்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றேன்.

"தப்புத் தப்பாவா சொல்லிக்கிட்டிருந்தேன்? இவ்வளவு நாளும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லில் முடிந்திருக்கும். "பாதி," என்றேன்.

அவர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் என்ன செய்யணும்?" என்றார்.

இதற்கான பதிலை நான் கண்ணாடி முன் பழகியிருக்கவில்லை. தேடினேன். அவர் காத்திருந்தார். பாலத்தில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் என்னவோ சண்டை என்று பார்த்துவிட்டுப் போனார்கள். "இப்ப… நிக்கிறீங்கல்ல," என்றேன். "இப்படி."

அன்று மத்தியானம் தம்பி அழைத்தான். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், ஜெயித்த சந்தோஷத்தில் தூங்கவில்லை. வழக்கம்போல அவருடைய போனுக்குத்தான் வந்தது. "அத்தான், அக்கா பாத்துச்சா? என்ன சொல்லிச்சு?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. என் கணவர் வாயெடுத்தார். பிறகு பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் சொன்னதைவிட மோசமாகத்தான் வந்தது, களைப்பு. அவன் இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று "ஹலோ" சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கேன் அக்கா," என்றான். மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆனா எங்க ஃபேக்டரியில ஒருத்தரும் இதை ஒத்துக்கமாட்டாங்க" என்றான்.

"அவங்களுக்கு… தெரியாது," என்றேன்.

அந்த அணி அந்த வருஷம் அதிக தூரம் போகவில்லை. அடுத்த வருஷம் அந்தக் குவார்ட்டர்பேக்கை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். நான் அரை நாள் வேலைக்குத் திரும்பினேன். தொலைபேசியில் இப்போது வேறொரு பெண் பேசுகிறாள். நான் சரக்குகளைப் பற்றிய தாள்களைச் சரிபார்க்கிறேன். ஆனால் அவள் வெளியே போயிருக்கும்போது மணி அடித்தால் எடுத்துவிடுகிறேன். "கொஞ்சம் மெதுவா பேசுவேன், இருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் வைத்துவிடுவார்கள். பலர் இருப்பார்கள். லாரிக்காரர்கள் நான் நினைத்ததைவிடப் பொறுமைசாலிகள்.

வீட்டில் என் கணவர் இன்னும் சில சமயம் என் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுவார். பாதியில் தானே உணர்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். நான் சொல்லி முடிப்பேன்.

போன மாதம் புதிய குவார்ட்டர்பேக்கைப் பற்றிச் சண்டை. இவனுக்கு வேகம் போதாது, அடுத்த ஆட்டத்தில் நொண்டியடிக்கப் போகிறான் என்று நான் கடையில் நீளமாகப் பேசினேன். மூன்று பேரும் காத்திருந்து கேட்டார்கள். அடுத்த திங்கள் காலை அவன் தானே பந்தோடு ஓடி இரண்டு தடவை புள்ளி எடுத்தான். அண்ணன் டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, வேகம் போதுமா?"

சரியான பதில் ஒன்று மண்டையில் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். அவர்கள் டீயை ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.